பஸ் ஜன்னலில் தெரியும் சுவர்

நான் வேலை பார்த்த அலுவலகம் கோவில்பட்டியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது; நான் மட்டும் ஓய்வு பெற்றுவிட்டேன். தேவாலயங்களும், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடங்களும், மதரசாக்களும் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி கட்டடக்கலை படித்தவர். ஊரில் எல்லோரும் அவரை இன்ஜினியர் என்று அழைத்தார்கள். தான் இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தார். ஒரு பொங்கலுக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் இங்கே இன்ஜினியர் என்றே எழுதுகிறேன்.

அவர் பருத்தியும் உளுந்தும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். திருநீறு பூசாமல் மாடிப்படி ஏற மாட்டார். ஆனால் ஒரு இந்துக் கோயில்கூட வரைந்ததில்லை. அதற்கு ஸ்தபதிகள் இருக்கிறார்கள். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சிற்றாலயம் சுவர் வெடித்து நின்றபோது, பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டார். கரிசல் மண் கோடையில் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழையில் உப்பி, மேலே நிற்பதைத் தூக்கிப் பார்க்கும். இன்ஜினியர் அடியில் ஆழமாகத் தூண் இறக்கிப் புதிதாகக் கட்டினார். இரண்டு கோடை கழிந்தும் அது வெடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. சாமியார் சொல்லிச் சிஸ்டர்கள் வந்தார்கள். சிஸ்டர்களின் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பாய்மார்கள் சொல்லி ஜமாஅத்திலிருந்து வந்தார்கள்.

என் வேலை கடிதம் எழுதுவது, அனுமதிக்கு அலைவது, கட்டுமான இடத்துக்குப் போய்ப் பார்த்து வருவது. எது எந்தக் கிழமை நடந்தது என்று நினைவில் வைத்துக்கொள்வது என் சுபாவம். அதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை.

எந்த ஆலயக் கமிட்டி வந்தாலும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்.

“பஸ்ஸுல போறவனுக்குக் குருசு தெரியுமா சார்?”

“தெரியும்.”

“எந்தப் பக்க சீட்டுல இருந்து?”

இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இன்ஜினியர் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டார். சிலுவை நிற்கும் கோபுரத்தின் உயரத்தை முடிவு செய்யும் முன் எங்களில் ஒருவர் அந்த வழி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த வேப்பமரம் மறைக்கிறது, எங்கே வளைவு வருகிறது என்று பார்த்துவிட்டு வருவோம். அலுவலகத்தில் இதற்குப் பஸ் பார்வை என்று பெயர். பெரும்பாலும் நான்தான் போவேன். மணியாச்சி, ஒட்டப்பிடாரம், கழுகுமலை என்று எல்லாப் பக்கமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னும் கட்டப்படாத கோபுரங்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலைகளுக்கு நிரந்தரக் கொத்தனார் ஒருவர் இருந்தார். ஊர் கழுகுமலை. அங்கிருந்து காலை பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் போவார். அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்று பேர். அந்தக் காலை பஸ்ஸில் பாதிப் பேர் கொத்தனார்கள்தான். வழியில் புதுச்சுவர் எதுவும் வந்தால் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். யார் கட்டியது என்று விசாரிப்பார்கள். கட்டியவர் அதே பஸ்ஸில் இருந்தால் இன்னும் சத்தமாக விசாரிப்பார்கள். எங்கள் கொத்தனாரை அதுவரை யாரும் விசாரித்ததில்லை. அவருக்கு வாழ்க்கையில் அது போதும்.

ஊரடங்கெல்லாம் முடிந்து வேலைகள் மறுபடி சூடுபிடித்த ஆண்டு, கழுகுமலை ரோட்டு ஓரத்தில் ஒரு மதரசா கட்டும் வேலை வந்தது. ஜமாஅத் தலைவர் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். இடம் ரோட்டை ஒட்டி நீளமாக இருந்தது. பிள்ளைகள் ஓதவும் தொழவும் ஒரு பெரிய ஹால், பக்கத்தில் இரண்டு வகுப்பறைகள். தொழுகிறவர்கள் மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். நம் பக்கத்தில் அது மேற்கு. சுத்தமான மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்கே ஒதுங்கிய மேற்கு. அதனால் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற பெண், ஹாலை மட்டும் அந்தத் திசைக்குத் திருப்பி வரைந்திருந்தாள். ரோட்டைப் பொறுத்தமட்டில் ஹால் சாய்ந்து நின்றது.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமாஅத் தலைவர் வந்தார். பள்ளத்தின் ஓரமாக நின்று செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு இன்ஜினியருக்கு போன் செய்தார்.

“சார், நம்ம ஹாலு பஸ் ஸ்டாண்டப் பாத்துல்லா நிக்குது?”

இன்ஜினியரும் படம் வரைந்த பெண்ணும் நானும் போனோம். பள்ளம் ரோட்டுக்கு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. கொத்தனார் எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, படத்துல ஹாலு சரிஞ்சு கெடந்துச்சு. பிள்ள கம்ப்யூட்டர்ல கைதவறிப் போட்டுட்டா போலன்னு நானே நேராக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல.”

அந்தப் பெண் கேட்டுவிட்டாள். “அண்ணாச்சி, வேணும்னுதான் திருப்பிருக்கேன். ஹாலுக்குள்ள எழுதியும் இருக்கேனே, படிக்கலியா?”

“எழுத்தும் சரிஞ்சுதானம்மா கெடந்துச்சு. அதான் மொத்தமா நகந்துட்டுன்னு நெனச்சேன்.”

கணினியில் ஹாலைத் திருப்பும்போது உள்ளே இருந்த எழுத்தும் சேர்ந்து திரும்பியிருந்தது.

இன்ஜினியர் திசையை விளக்கினார். கொத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பம் கோணச் சுவரு கட்டச் சொல்லுதீங்க” என்றார்.

“கோணல் இல்ல. திசை.”

“பஸ்ல போறவன் திசைமானி வச்சுக்கிட்டா சார் போறான்?”

ஜமாஅத் தலைவர் குறுக்கே வந்தார். அதுவரை மதரசா பழைய தீப்பெட்டி ஆபீஸ் குடோன் ஒன்றில் நடந்துகொண்டிருந்தது. “கொத்தனாரே, அந்தக் குடோன்ல கட்டடம் நேரா நிக்குது, பிள்ளைய கோணலா நிக்குது. வரிசை கடைசில நிக்க பையனுக்கு முன்னால சுவரு, பின்னால தூணு. குனிஞ்சா மண்டை இடிக்கும். இந்த எடத்துலயாவது பிள்ளைய நேரா நிக்கட்டும். கட்டடம் கோணலா நின்னுட்டுப் போவுது.”

“நிக்கட்டும் பாய். கட்டடம் கோணலா நின்னா உங்கள ஒருத்தனும் கேக்க மாட்டான். தெனம் ரெண்டு நேரம் இந்த வழியா போறவன் நான்.”

எனக்குப் பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்கிற பழக்கம் உண்டு. கெய்ரோவில் சில பழைய பள்ளிவாசல்களில் முன்சுவர் தெருவை ஒட்டி ஒரு திசையிலும், உள்ளே தொழும் கூடம் வேறு திசையிலும் இருப்பதாகவும், உலகமே அதைப் போய்ப் பார்த்து வியப்பதாகவும் சொன்னேன்.

“கெய்ரோவுல பஸ் போவுதா அண்ணாச்சி?”

போகும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

“அதுல கழுகுமலைக்காரன் இருக்கானா?”

வேறு ஆள் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கட்டினால்தான் சுவர் வெடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, ரோட்டைப் பார்த்து ஒரு போர்டு வைத்தால் கட்டுவதாகச் சொன்னார். ஜமாஅத் தலைவரும் இருந்தார். அவர் இதைக் கேலி செய்யவில்லை.

“போர்டுல என்ன எழுதணும்?”

“இது கொத்தனார் தப்பு இல்லன்னு எழுதணும்.”

தலைவர் யோசித்தார். “அதப் படிக்கவன், அப்பம் யாரு தப்புன்னு கேப்பானே?”

“என் தப்புன்னு நினைப்பான்” என்றார் இன்ஜினியர்.

போர்டு கைவிடப்பட்டது. கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் கொத்தனாரே. ஹாலைச் சொன்ன திசையில் கட்டித் தருகிறேன், ஆனால் ரோட்டோரம் காம்பவுண்டு சுவரை முதலில் எழுப்புவேன், அதை உள்ளே இருப்பது தெரியாத அளவுக்கு உயர்த்துவேன் என்றார். தலைவர் சம்மதித்தார். பழைய பள்ளத்தை மூடிப் புதுப் பள்ளம் தோண்டினார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் மண் மம்பட்டியோடு ஒட்டி வந்தது. ஆட்கள் திசையைத் திட்டிக்கொண்டே மண்ணை வழித்தெறிந்தார்கள்.

காம்பவுண்டுக்குப் பின்னால் ஹாலும் எழும்பியபோது பஸ் பார்வைக்கு என்னோடு கொத்தனாரும் வந்தார். இத்தனை வருடத்தில் நான் போனதெல்லாம் கட்டடம் தெரிகிறதா என்று பார்க்க. தெரியாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனது அப்போதுதான். முந்தின ஸ்டாப்பில் ஏறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“மூலை தெரியுது. இன்னும் மூணு வரி ஏத்தணும்.”

மூன்று வரி செங்கல் ஏற்றிவிட்டு மறுபடி போனோம். அன்றைக்கு வந்த பஸ்ஸில் சீட்டுகள் உயரம். மறுபடி ஏற்றினார். “ஜெயிலு மாதிரி ஆயிட்டே கொத்தனாரே” என்றார் தலைவர். “ஜெயிலு சுவரு இவ்வளவு நேரா இருக்காது பாய்” என்று பதில் வந்தது. உண்மைதான். ரோட்டோடு ஒட்டிப் போன அந்தச் சுவரைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. காலை பஸ்ஸில் கொத்தனார்கள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறு கண்ணைத் திறந்தார்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பங்குச் சாமியாரும் இரண்டு சிஸ்டர்களும்கூட வந்திருந்தார்கள். பிள்ளைகள் முதல் முறையாகச் சுவருக்கு நேராக வரிசை போட்டு நின்றார்கள். குடோனில் நின்ற பழக்கத்தில் ஒருவன் உடம்பைச் சாய்த்து நிற்க, பக்கத்தில் இருந்தவன் பிடித்துத் திருப்பிவிட்டான். ஜமாஅத் தலைவர் பின்னால் நின்று முதல் வரிசையையும் முன்சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவேற்பு உரையில் ஏதோ சொல்ல நினைத்து, “எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

முற்றத்தில் நெய்ச்சோறு. எல்லோரும் தட்டோடு நின்றுகொண்டிருந்தோம். சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்த தலைவரின் சம்பந்தி ஹாலைப் பார்த்தார், ரோட்டுப் பக்கம் திரும்பினார், மறுபடி ஹாலைப் பார்த்தார். ஒரு முனையில் காம்பவுண்டு ஹாலை ஒட்டி வந்தது. மறு முனையில் ஒரு லாரி நிற்கும் அளவுக்கு விலகிப் போனது.

“ஹாலு நல்ல அம்சமா வந்திருக்கு” என்றார் சம்பந்தி. “காம்பவுண்டுதான் கோணலா இழுத்துட்டுப் போயிட்டு. யாரு கட்டுனது?”

கொத்தனார் என் பக்கத்தில்தான் நின்றார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அந்த வாரத்துக்குள் பிள்ளைகள் அதற்குக் கோணக் காம்பவுண்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். பந்து அங்கே போனால் அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள். கொத்தனார் அலுவலகத்துக்கு வந்து, காம்பவுண்டைப் பிரித்து ஹாலுக்கு நேராகத் திருப்பிக் கட்டித் தருவதாகவும் கூலி வேண்டாம் என்றும் சொன்னார். திருப்பினால் ஒரு முனை ரோட்டுக்குள் போய்விடும் என்று இன்ஜினியர் படத்தில் காட்டினார். கொத்தனார் படத்தை வெகுநேரம் பார்த்தார். சர்வே கல் நட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் பஸ்ஸில் மறு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவதாகக் கேள்விப்பட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, முந்தின நாள் கழுகுமலைக்கு ஒரு வேலையாகப் போய்த் தங்கிவிட்டு, கொத்தனார்கள் வரும் அதே பஸ்ஸில் திரும்பினேன். மதரசா நெருங்கும்போது பின் சீட்டிலிருந்து ஒரு இளவட்டக் கொத்தனார் குரல் கொடுத்தான்.

“மாமா, உள்ள இருந்து பாத்தா கோணக் காம்பவுண்டாமே? யாரு வேல அது?”

பஸ் முழுக்க, மறு பக்கத்துச் சீட்டில் இருந்த எங்கள் கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மதரசா தெரியும் பக்கம் வந்து நின்றார்.

“ஏலே, அந்தக் காம்பவுண்டு ரோட்டப் பாத்துக் கட்டுனது. ஹாலு மக்காவப் பாத்துக் கட்டுனது. ரெண்டையும் நான்தான் கட்டுனேன். ரெண்டுல ஒண்ணு கோணலா இருந்தா, அது மக்காவா, ரோடா? நீயே சொல்லு.”

பையன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “இங்கன இருந்து ஹாலே தெரியலயே மாமா.”

அடுத்த திங்கட்கிழமை கொத்தனார் உளியும் சுத்தியலுமாகப் போய், ஏற்றிய வரிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஜமாஅத் தலைவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். இப்போது பஸ்ஸில் போனால் ஹாலின் மூலை நன்றாகத் தெரியும். கழுகுமலைக்காரர்கள் புது ஆட்களுக்குக் காட்டி, ரோடு எவ்வளவு கோணலாகப் போகிறது பார் என்கிறார்கள்.

நான் ஊர் வரைபடத்தை எடுத்துச் சரிபார்த்தேன். அந்த இடத்தில் ரோடு ஒரு கண்மாயைச் சுற்றிக்கொண்டு போகிறது. எந்தத் திசைக்கும் அது நேராக இல்லை.

அதற்கு அடுத்து வந்த வேலை சிஸ்டர்களின் பள்ளியில் ஒரு சிற்றாலயம். தலைமை சிஸ்டர் பஸ்ஸிலிருந்து குருசு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கொத்தனார் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டார்:

“எதப் பாத்து நிக்கணும் சிஸ்டர்?”

“ரோட்டப் பாத்துதான்.”

அவர் ரோடு வரைக்கும் நடந்து போய், நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம் செல்போனை நீட்டி, “அண்ணாச்சி, பாய் வச்சிருந்தாருல்லா, அந்தத் திசைமானி, இதுல வருமா?” என்றார்.