கைவினை வட்டத்தில் ஒரு மீசை

குணசேகரன் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டது சிகரெட்டை விடுவதற்காக. குவைத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், அறையில் உடனிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒரு கொக்கி ஊசியையும் நூல்கண்டையும் கையில் திணித்தான். விரலுக்கு வேலை வந்ததும் உதடு புகையை மறந்தது. பூதலூருக்குத் திரும்பிச் சொந்த நிலத்தில் சம்பா போட ஆரம்பித்த பிறகும் ஊசி மட்டும் அவரை விடவில்லை.

"என்னண்ணே, பாவாடைக்கு லேஸா?" என்று டீக்கடையில் கேட்டார் வீரையன். கேட்கும்போது அவர் காலை நீட்டி உட்கார்ந்து மீன்வலை பின்னிக்கொண்டிருந்தார். அதுவும் நூல்தான், முடிச்சுதான். ஆனால் வலையில் மீன் விழும். ஆகவே அது ஆம்பளை வேலை. மேஜை விரிப்பில் காபிதானே விழும்?

பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போன குணசேகரன், தஞ்சாவூரில் ஒரு மகளிர் கைவினை வட்டம் இருப்பதறிந்து போன் செய்தார். தலைவி ஸ்ரீவித்யா ஓய்வுபெற்ற ஆசிரியை. மறுப்பதைக்கூடத் தேனில் தோய்த்துத்தான் தருவார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார், லேடீஸ் மட்டும்தான். உங்க வீட்ல இருக்கிறவங்களை அனுப்புங்களேன்."

அவர் மனைவி பூர்ணிமா வீட்டில் இருப்பதே அபூர்வம். டிராக்டரை எடுத்துக்கொண்டு காலையிலேயே உழவுக்குக் கிளம்பிவிடுவார். பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொள்கிற ஆள். அவரை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். புடவை கட்டியிருந்தாரே, அது போதாதா?

கணவர் பின்னியதைப் பையில் போட்டுக்கொண்டு பூர்ணிமா மாதாமாதம் போய்வந்தார். குணசேகரன் வாசலிலேயே காத்திருப்பார்.

"இன்னிக்கு எந்த நூலப் பத்திப் பேசினாங்க?"

"தெரியலைங்க. சுண்டல் நல்லா இருந்துச்சு. அப்புறம் தூங்கிட்டேன்."

குணசேகரனுக்கு அழுகையே வந்துவிடும்.

ஆண்டு விழாக் கண்காட்சி வந்தது. பூர்ணிமாவின் பெயர் ஒட்டிய விரிப்பைத் தூக்கிக் காட்டி, ஸ்ரீவித்யா மைக்கில் உருகினார்: "ஒரு தாயோட பொறுமை இல்லாம இந்த நளினம் வருமா?"

பூர்ணிமா எழுந்து போய் மைக்கை வாங்கினார். "அந்தத் தாய் கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. மீசை வெச்சிருப்பாங்க, பாத்தாலே தெரியும்."

அரங்கமே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிடம் குணசேகரன் மேடையில் இருந்தார், தோளில் பொன்னாடையோடு. காலமெல்லாம் ஊசி பிடித்த பெண்கள் பொழுதுபோக்குகிறவர்கள். மீசையோடு வந்தவர் 'கலைஞர்', 'மாஸ்டர்'. அடுத்த கூட்டத்தை அவரே தொடங்கிவைக்க வேண்டும் என்றார் ஸ்ரீவித்யா. கையோடு இன்னொன்றும் கேட்டார்: "சார், இந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் அடுக்கிடுறீங்களா? ஒரு ஆம்பளை இருந்தா எவ்வளவு வசதி!"

பொன்னாடையோடேயே அடுக்கிவிட்டு வந்து குணசேகரன் சொன்னார்: "மேடையெல்லாம் வேண்டாங்க மேடம். நீங்கல்லாம் உக்காந்து பின்றீங்களே, அங்க ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

ஸ்ரீவித்யாவின் முகம் மாறியது. "அதுக்குக் கமிட்டி கூடணுமே சார்."

மேடையேற்றக் கமிட்டி தேவைப்படவில்லை. பாயில் உட்காரவைக்கத்தான் தேவைப்பட்டது. கூடினார்கள். மனைவி காவலுக்குக் கூடவே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள். பூர்ணிமா உழவை விட்டுவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

முதல் நாள் இரண்டு பேர் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அனீஸா மட்டும் நகரவில்லை. குணசேகரன் தயங்கித் தயங்கித் தன் பின்னலை அவரிடம் நீட்டினார்.

"ஓரம் சுருண்டுக்கிட்டே போகுதும்மா."

அனீஸா வாங்கி இழுத்துப் பார்த்தார். "சுருளாம என்ன செய்யும்? மாட்டக் கட்டுற மாதிரி இறுக்கியிருக்கீங்க. பிரிங்கண்ணே."

இத்தனை வருடத்தில் அவருடைய பின்னலைப் பற்றி, பின்னலை மட்டுமே பற்றி, ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. குணசேகரன் சந்தோஷமாகப் பிரிக்க ஆரம்பித்தார்.