கண்டக்டர் வீட்டுக் கோழிகள்

என் அக்கா புருஷன் பஸ் கண்டக்டர். வேலையில் கறார். படியில் தொங்குகிறவன், சீட்டுக்குச் சண்டை போடுகிறவன், குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறவன், யாராக இருந்தாலும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். கேட்காவிட்டால் விசில் அடிப்பார். வண்டி நிற்கும். "இறங்குப்பா" என்பார், அவ்வளவுதான். ஆளை இறக்கிவிட்டால் வண்டி அமைதியாகிவிடும் என்பது அவர் சர்வீஸில் கற்றுக்கொண்ட ஒரே பாடம். அதே மனிதர் வீட்டுக்குள் கால் வைத்தால் வாயில்லாப் பூச்சி. எங்கள் வீட்டில் முதல் இடம் அக்காவுக்கு. அடுத்த இடம் மாடியில் குடியிருக்கும் எனக்கு. மாமா கடைசி. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் கொல்லைப்புறத்தில் அவருக்கென்று தனி ராஜ்யம் இருந்தது.

ஐந்து கோழிகள். டெப்போவில் கழித்துப்போட்ட தகரத்தை வாங்கி வந்து அவரே அடித்த கூடு. உள்ளே கோழிகள் உட்கார்ந்து தூங்க, பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்கும் பஸ் கம்பி. கறுப்பாகக் கொழுத்து நிற்பதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார். தீனி போட்டால் அதுதான் முதலில் வாய் வைக்கும். மற்றவை முந்தினால் மண்டையில் ஒரு போடு. அதற்கடுத்து அடையாளமே தெரியாத இரட்டைகள். அடுத்தது சாது. கடைசியில் தூங்குமூஞ்சி. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது ஒதுங்கிக்கொள்ளும், எல்லாருக்கும் அவரவர் இடம் தெரியும். இதில் சாதுதான் மாமாவின் செல்லம். கூப்பிட்டால் ஓடி வரும். உள்ளங்கையில் இருந்து சோளத்தைப் பொறுக்கித் தின்னும். "இவ மனசு தங்கம்" என்பார். அக்காவைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடமும் ஒரு கோழி இருந்தது. ஒரே கோழி. குஞ்சாக வந்ததைத் துண்டுத் துணிக் கூடையில் போட்டு, தையல் மெஷின் விளக்குச் சூட்டிலேயே வளர்த்தார். அவர் ஓரம் அடிக்கும்போது அது மடியில் உட்கார்ந்திருக்கும். பெயர் பாப்பா. மண்ணைக் கிளறத் தெரியாது. இன்னொரு கோழியைக் கண்ணால் பார்த்ததில்லை. தன்னையும் ஒரு சின்னத் தையல்காரம்மா என்றே நினைத்திருக்க வேண்டும்.

அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றானது. பெரிய ஆஸ்பத்திரி, வெளியூர். அதற்கப்புறம் தங்கை வீட்டில் ஓய்வு. கிளம்புகிற அன்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கண்டக்டரே, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நான் திரும்பி வர்றப்ப இவ இருக்கணும். என்னைத் தேட வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நீங்க நிம்மதியா போங்கம்மா. உங்க கையில திருப்பிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு."

வாக்குக் கொடுத்துவிட்டு மாமா செய்த காரியத்தை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பட்டப்பகலில், ஐந்து கோழிகளுக்கும் நடுவே பாப்பாவைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "கொஞ்சம் நகருங்க, இடம் விடுங்க" என்றார். பஸ்ஸில் ஏறுகிற புது ஆளுக்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல்.

யாரும் நகரவில்லை. பெரியம்மா வந்து பாப்பாவின் தலையில் ஒன்று வைத்தது. பாப்பா ஓடியது. எதற்கு அடிக்கிறார்கள், எங்கே ஒளிய வேண்டும், எதுவும் அதற்குத் தெரியாது. நேராக மாமாவின் காலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் பார்த்தால் கழுத்தில் இறகைக் காணோம், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாமா பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். முதல் ஊதலுக்குக் கோழிகள் அரண்டு நின்றன. அடுத்த ஊதலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊரையே அடக்குறவருக்கு அஞ்சு கோழியை அடக்கத் துப்பில்ல" என்றாள் அக்கா, அடுப்படி ஜன்னலில் இருந்து.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரியம்மாவை அலாக்காகத் தூக்கி ஒரு கூடைக்குள் போட்டு, கூடையை என் மாடி வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார். "இதுதான் ரவுடி. இறக்கியாச்சு. இனிமே பாரு, கீழ சத்தமே இருக்காது." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பல் தேய்க்கும்போதெல்லாம் பெரியம்மா கூடைக்குள் இருந்து என்னைத் திட்டியது.

கீழே சத்தம் இரண்டு மடங்கானது. இரட்டைகள் ஒன்றோடொன்று ரத்தம் வரச் சண்டை போட்டன. தீனித் தட்டு கவிழாத வேளை இல்லை. எப்போதும் எழுந்திருக்கச் சோம்பல்படும் தூங்குமூஞ்சிகூட யாரையாவது கொத்த முடியுமா என்று அலைந்தது. பாப்பாவின் கொண்டை கிழிந்தது. தகரத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒடுங்கி நின்றுகொண்டு, தீனியைக் கிட்டே வைத்தாலும் தொடவில்லை. மாமா டியூட்டி முடித்து வந்து, யூனிஃபார்மைக் கழற்றாமல் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா அங்க கத்தி வைக்கப் படுத்திருக்கு. வந்து என் பாப்பா எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

எனக்கு அவரைக் கேலி செய்ய நாக்கு வரவில்லை. அது அபூர்வம்.

வார விடுமுறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது, மேலே நின்ற நான் பார்த்தேன். சாது சாவகாசமாக நடந்து தகரத்தின் பின்பக்கம் போனது. பாப்பாவின் கழுத்திலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, நின்று தின்றது. அவர் திரும்புவதற்குள் ஸ்டூலருகே வந்து உள்ளங்கைக்குக் காத்திருந்தது.

"மாமா, உங்க தங்க மனசுக்காரியைப் பாருங்க."

"சாதுவா? போம்மா, உனக்கு வேற வேலை இல்ல."

"மேல வந்து நின்னு பாருங்க. அப்புறம் பேசுங்க."

வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாது மறுபடி போனது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளை தெருவில் கல்லெறிந்ததை நாமே பார்த்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

முதல் நாள் நான் கவனித்தும் அர்த்தம் புரியாமல் விட்ட ஒன்றையும் அப்போது சொன்னேன். பெரியம்மா ஒரே ஒரு கொத்தோடு விட்டுவிட்டது. அப்புறம் சாது பாப்பாவைத் துரத்தியபோது குறுக்கே பாய்ந்து விரட்டியதும் அதே பெரியம்மாதான்.

"நீங்க ரவுடியை இறக்கல மாமா. கண்டக்டரை இறக்கிட்டீங்க."

மாமா கூடையைத் திறந்து பெரியம்மாவைக் கீழே கொண்டுபோய் விட்டார். அது ஒரு சுற்று வந்து இரட்டைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தது. கொல்லை அடங்கிவிட்டது. காலியான கூடைக்கு இப்போது சாதுவின் முறை. அதை மாடிக்குத் தூக்கிவரும்போது அது அவர் சட்டைப் பொத்தானைச் செல்லமாகக் கொத்தியது. மாமா குனிந்து பார்க்கவே இல்லை.

பிறகு நடந்தது பொறுமையான வேலை. மருந்துக்கடைக்காரர் சொன்னபடி காயத்தில் சிவப்புத் தெரியாமல் ஊதா மருந்து தடவினார், ஏனென்றால் ரத்தத்தைக் கண்டால் கோழி சும்மா இருக்காது. பாப்பாவைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வைத்தார், பார்த்துப் பழகட்டும் என்று. இன்னொரு தீனித் தட்டு, இன்னொரு தண்ணீர்ச் சட்டி, ஒளிந்துகொள்ள மதிலில் சாய்த்த பலகைகள். வேலையற்ற வாய்தான் வம்பு பண்ணும் என்று ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அக்கா சமையலுக்கு வைத்திருந்த முட்டைக்கோஸ் அது. அவள் ஒன்றும் சொல்லாததை நான் குறித்துக்கொண்டேன். ஒருநாள் வலையை எடுத்தார். பெரியம்மா வந்து ஒன்று போட்டது. பாப்பா இந்தத் தடவை ஓடவில்லை. தலையைத் தாழ்த்தியது. அதோடு விஷயம் முடிந்தது. கடைசியில் சாதுவைத் திரும்ப விட்டபோது, அது இல்லாத நாட்களில் அதன் இடம் போய்விட்டிருந்தது. தூங்குமூஞ்சிகூட அதை விரட்டியது.

தையல்காரம்மா உடம்பு பாதியாகித் திரும்பி வந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல், கூடையோடு நேராகக் கொல்லைக்கு வந்தார். "பாப்பா" என்றார்.

பாப்பா தலையைத் தூக்கியது. அடையாளம் தெரிந்துகொண்டு நாலு எட்டு ஓடியும் வந்தது. அதற்குள் சாது தீனித் தட்டில் வாய் வைத்தது. பாப்பா திரும்பிப் பாய்ந்து, சாதுவின் கழுத்தில் கொத்தி, மதில்வரை துரத்திவிட்டு, தட்டுக்கே போய்விட்டது.

"என்ன இது? என் பொண்ணா இப்படிப் பண்றா?"

"இதைக் கத்துக்கலன்னா பிழைச்சிருக்க மாட்டாம்மா" என்றார் மாமா, குற்றவாளி மாதிரி. பாப்பாவைப் பிடித்துத் தையல்காரம்மா மடியில் வைத்தார். அது கொஞ்ச நேரம் இருந்தது. அவர் விரலை மெல்லக் கொத்திப் பார்த்தது. பெரியம்மா குரல் கொடுத்ததும் குதித்து இறங்கி, மற்றவற்றோடு மண்ணில் புரளப் போய்விட்டது. தையல்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கூடையில போட்டுத் தரேம்மா. திருப்பிக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"எடுத்துட்டுப் போயி, தனியா இருக்காளேன்னு மனசு கேக்காம திரும்பக் கொண்டாந்தா?"

"மறுபடி முதல்லேருந்து கொத்து வாங்கணும்."

"அப்ப வேணாம். இருக்கட்டும்."

வெறும் கூடையோடு போனார். மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "உயிரைக் காப்பாத்துனேன். ஆனா அவங்ககிட்ட இருந்து பிரிச்சுட்டேனே" என்றார். அக்கா அவர் தட்டை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தையல்காரம்மா பொத்தான் வைக்க ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். மாமாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, பாப்பாவைப் பார்த்தபடி தைத்தார். பாப்பா தன் வேலையில் இருந்தது. திடீரென்று இரட்டைகள் துரத்த, ஓடி வந்த சாது போக்கிடம் இல்லாமல் அவர் மடியில் ஏறிவிட்டது.

மாமா பதறிக்கொண்டு ஓடினார். "அதைக் கீழ விடுங்கம்மா. உங்க பாப்பா இறகைப் பிடுங்கித் தின்னவ இவதான். சொல்ல வெக்கப்பட்டுட்டு உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

தையல்காரம்மா சாதுவை நெடுநேரம் பார்த்தார். கையிலிருந்த ஊசியை அதன் மேல் பட்டுவிடாமல் தன் முந்தானையில் குத்தி வைத்தார்.

"இவளுக்கும் கழுத்துல ரத்தம் வருது பாருங்க கண்டக்டரே" என்றார்.

மாமா மருந்தை எடுக்க உள்ளே ஓடினார்.