வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸில் பாதி

போன வாரம் என் மனைவி செல்விக்கு லேசாக உடம்பு சுட்டது. லேசாகத்தான்... தெர்மாமீட்டர் நூறைத் தொட்டுவிட்டு நின்றது.

செல்விக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியையே அடக்கி வைக்கும் மாத்திரைகள் தினமும் உண்டு. காய்ச்சல் என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன்? பொன்னமராவதி கடைத்தெருவுக்குப் போய், "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்றேன்.

செட்டு தெரியும்தானே உங்களுக்கு? அட்டையிலிருந்து பிரித்து, பேர் தெரியாமல், பேப்பரில் மடித்துத் தருவார்களே — மூன்று வேளைக்கு மூன்று பொட்டலம். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று வேளையும் போட்டாள். காய்ச்சல் விட்டது. எனக்கு ஒரே பெருமை! மறுநாள் மத்தியானம் அவளைக் குளிர் தூக்கிப் போட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன மாத்திரை சார் குடுத்தீங்க?"

"வெள்ளை ஒண்ணு... மஞ்சள் ஒண்ணு... ரோஸ் கலர்ல பாதி."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெருமூச்சு விட்டார். "எந்தக் கிருமின்னு டெஸ்ட்ல பிடிக்கணும். அரைகுறையா ஆன்டிபயாட்டிக் போயிருந்தா அது பதுங்கிக்கும். தெரியிற வரைக்கும் பெரிய மருந்தா மூணு ஏத்தணும். அந்த மருந்தே கிட்னியப் பாதிக்கலாம்."

இரண்டு நாள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி இறங்கியது. டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரம், கிழமை எல்லாம் கரைந்துவிடுகிறது. செல்வி காய்ச்சல் மயக்கத்தில் மீமிசல் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தாள். "தண்ணி முழங்கால் அளவுதாங்க... இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் லேபில் கிருமி சிக்கியது. டாக்டர் இரண்டு மருந்தை நிறுத்திவிட்டு, அந்தக் கிருமிக்கு உரிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். "தேவையானது, தேவையான நாள் வரைக்கும். அவ்வளவுதான் சார்." காய்ச்சல் இறங்கியது. கிட்னியும் தப்பியது.

பழகின காய்ச்சல், பழகின கடை என்று இருந்துவிட்டேன். உடம்பு பழைய உடம்பு இல்லையே?

தெளிந்து உட்கார்ந்தவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவளுக்குக் கிட்னி கொடுத்தவன் நான்தான்.

"குடுத்தது நீங்கதாங்க... இல்லேங்கல. அதுக்காக, சொல்லாமக் கொள்ளாம திருப்பி எடுத்துக்கப் பாத்தீங்களே!"