லேடீஸ் பக்கத்து கேசட்

பிரிசில்லாவுக்கு வாய் ஜாஸ்தி என்பதில் ஆம்பூர் ரெட்டித்தோப்பில் இரண்டு கருத்து கிடையாது. பதினான்கு வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகத் தோலைத் தைத்தவள். பாத்ரூம் போய்வர இத்தனை நிமிடம்தான் என்று சூப்பர்வைசர் சட்டம் போட்ட அன்று, அதையும் நீயே எனக்காகப் போய்ட்டு வந்துடு என்று சொல்லிவிட்டு மிஷினை விட்டு எழுந்து வந்தாள். அப்புறம் அந்த கேட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் நர்சிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டுக் கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. பிரிசில்லா அதை எழுப்பினாள். தையல் மிஷின் மிதித்த காலுக்கு இதெல்லாம் எதுக்கு என்று நாத்தனார் கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மெட்ராஸ் போய் வி.சி.ஆரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு வாங்கி வந்து, தன் கல்யாணக் கேசட்டையே முதலில் ஓட்டினாள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டிச் சத்தத்தையும் வரவழைத்தாள். இது நடந்தது 2005இல்.

அதன்பின் அவளைத் தேடி வந்தவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். அவர்கள் கல்யாணங்களில் ஆண்கள் பக்கத்துக்கு ஒரு கேமரா, பெண்கள் பக்கத்துக்கு ஒரு கேமரா. பெண்கள் பக்கம் எடுப்பவளும் பெண்தான். அந்தக் கேசட்டை வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள், பிறகு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். இப்போது கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கிறது, டிஸ்கில் ஏற்றாவிட்டால் போச்சு. ஆனால் மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடியாக வேண்டும், ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டுடியோக்களில் அப்படி உட்கார்ந்திருப்பவன் ஆம்பளை. யார் கொடுப்பார்கள்?

பிரிசில்லாவிடம் கொடுத்தார்கள். லேடீஸ் கேசட் ஓடும்போது அவள் அறைக்குள் ஆண் நிழல் படக்கூடாது. டிஸ்க் தயாரானதும், கொடுத்தவள் கண்ணெதிரிலேயே கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பாள். எந்தக் கை கொடுத்ததோ அந்தக் கையில்தான் கேசட்டைத் திருப்பித் தருவாள். இந்த மூன்றில் அவள் ஒருநாளும் பிசகியதில்லை.

அப்படித்தான் வஹீதாவும் வந்தாள். 1993இல் நடந்த தன் நிக்காஹ் கேசட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். அவள் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. படம் எடுக்க ஒருநாளும் சம்மதிக்காத அம்மா. வோட்டர் கார்டில் இருந்த கருப்புத் திட்டைத் தவிர அவருக்கு ஒரு படம் கிடையாது. இந்தக் கேசட்டில்தான் இருக்கிறார், முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் அக்கா என்று அழுதாள். பிரிசில்லா பூஞ்சையைத் துடைத்து, நாடாவை மெதுவாகச் சுற்றி, இரண்டு நாள் பாடுபட்டு ஏற்றினாள்.

டிஸ்க் தயாரான காலையில் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர், எப்படியோ விஷயம் காதுக்கு எட்டி வந்த வஹீதாவின் அண்ணன் மக்பூல் அகமது. பிரிசில்லாவின் கணவன் வில்சன் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி. வில்சன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

மக்பூல் குரலை உயர்த்தவில்லை. டிஸ்க் என்றால் பத்து பேர் காப்பி போடுவார்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் ஊரெல்லாம் டிவியில் ஓடுவார்கள், கேசட்டைக் கொடுத்துவிடும்மா என்றார். கொடுத்தது உங்கள் தங்கை, அவளிடம்தான் தருவேன் என்றாள் பிரிசில்லா. அவர் வில்சனைப் பார்த்தார். ஒன்பது வருஷமா நம்மகிட்ட இருக்கே இல்ல என்று மட்டும் கேட்டார்.

பிரிசில்லாவுக்குப் பயம் இல்லையென்று யார் சொன்னது? வீட்டுக்கு வரும் சம்பளம் அந்த ஒன்றுதான் நிச்சயம். மகள் படிப்பும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் இன்றைக்கு இவருக்குப் பயந்து கொடுத்தால், நாளைக்கு எந்தப் பெண் இந்த வாசலை நம்பி மிதிப்பாள்?

வில்சன் கடைசிப் பட்டனையும் போட்டு முடித்தான். "அவ ரூமுக்கு நானே போறதில்ல பாய்" என்றான்.

மக்பூலுக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா கேமராவப் பாத்தாலே மூஞ்சிய மூடிப்பாங்க. அவங்களுக்குப் புடிக்காதத நீ எதுக்கும்மா செய்ற?"

"மூடிக்கினாங்க, பாய். மொத ஒரு மணி நேரம் பூரா மூடிக்கினாங்க. பொண்ண அனுப்பறதுக்கு முன்னால அவங்களே கேமராக்காரம்மாவக் கூப்ட்டாங்க. தலைய சரி பண்ணிக்கினு, வஹீதாவப் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு, இப்ப எடுன்னாங்க. நான் பாத்தேன். நீங்க பாக்கல."

மக்பூல் வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கும் அவர் அம்மாதானே. அதை நான் பார்க்க வேண்டும் என்றார். குரலில் முதலாளி இல்லை. பெற்ற பிள்ளை பார்க்கக்கூடாதா என்று மறுபடி கேட்டார்.

பிரிசில்லாவுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அந்தக் கேசட்டில் முப்பது பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் உங்கள் அம்மா இல்லையே என்றாள். அம்மா வரும் நான்கு நிமிடத்தைத் தனியாக வெட்டித் தர முடியும், அதையும் உங்கள் தங்கை சொன்னால்தான் செய்வேன் என்றாள்.

வஹீதாவுக்கு வில்சன் போன் போட்டான். ஆட்டோவில் வந்தவள் அண்ணனைப் பார்த்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிரிசில்லா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நான்கு நிமிடம் ஓடியது. உள்ளேயிருந்து விம்மல் கேட்டது. வெளியே மக்பூல் வெயிலிலேயே நின்றார்.

கதவு திறந்தது. அந்தத் தங்கை பிறந்த நாள்முதல் அவளிடம் அவர் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

"வஹீதா, அம்மாவ நான் பாக்கட்டுமா?"

வஹீதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நில்லுங்க பாய்ஜான்" என்றாள். "நான் இன்னொரு தரம் பாத்துட்டு வர்றேன்."