சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு

ஐம்பது வயது தாண்டும்வரை நான் ஓட்டுப் போட்டதில்லை. அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. தேர்தல் வரும்போது நான் ஊரில் இருந்ததில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். அப்புறம் பம்பாயில் கேன்டீன், மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ், கொஞ்ச காலம் சரக்குக் கப்பலில் சமையல் என்று போய்க்கொண்டே இருந்தேன். மஸ்கட்டில் இருந்தபோது ஊரில் ஒரு தேர்தல் முடிந்து அண்ணன் ஃபோன் செய்தான்.

"உன் ஓட்டை எவனோ போட்டுட்டுப் போயிட்டான்டா."

"யாருக்குப் போட்டானாம்?"

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் முகம் தெரியாத ஒருவன் என் பெயரைச் சொல்லி, என் விரலுக்கு வர வேண்டிய மையை வாங்கிக்கொண்டு போனது மனதில் தங்கிவிட்டது. சட்டை காணாமல் போனால்கூட நான் அவ்வளவு நினைத்திருக்க மாட்டேன்.

அமெரிக்காவுக்கு வந்தது சமையலுக்குத்தான். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு ஓட்டல். முதலாளி எனக்குக் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தார். அது வரும்வரை அந்த அடுப்பை விட்டு நகர முடியாது. பல வருஷம் நகரவில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளின் மேல் படுக்கை. குளிர்காலத்தில் தரையைவிட மூட்டை தேவலை. கார்டு கைக்கு வந்ததும் பையைத் தூக்கினேன். கலிபோர்னியாவில் லிவர்மோர், மலையைத் தாண்டிக் காரில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை டிபன் கட்டும் வேலை. அங்கிருந்து இன்னும் ஓரிரு ஊர். கடைசியாக டெக்சஸில் காப்பெல்.

காப்பெலில் ஒரு தம்பதி. கணவர் சென்னைக்காரர், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். மனைவி ஈரோட்டுப் பக்கம். வேலையை விட்டுவிட்டுக் கேட்டரிங் நடத்துகிறார். அவருடைய சமையலறையில் நான் பெரிய கரண்டி. அவர்கள் என்னை அண்ணா என்பார்கள். நான் கணவரைத் தம்பி என்றும் மனைவியை அம்மணி என்றும் கூப்பிடுவேன். கராஜுக்கு மேலே எனக்கு ஓர் அறை. அந்த அறையில் இருந்தபோதுதான் குடியுரிமைப் பரீட்சை எழுதினேன், கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன், வாக்காளராகப் பதிவும் செய்தேன்.

அந்த வீட்டில் கணவர் ஒரு கட்சி, மனைவி மற்றது. யார் எது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இன்னும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போன அதிபர் தேர்தலின்போது ஒரே வீட்டுக்குள் வாட்ஸாப்பில்தான் பேசிக்கொண்டார்களாம். 'பால் தீர்ந்துவிட்டது' என்ற செய்திகூட மாடியிலிருந்து கீழே ஃபோனில் வந்ததாம். இப்போது, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்தல் வந்தது. இருவருக்கும் அவரவர் கட்சி மேலேயே கோபம். தம்பியின் அப்பா அம்மாவுக்கு விசா நேர்காணல் தேதி தள்ளிக்கொண்டே போனது. அம்மணிக்கு உளுந்தும் எண்ணெயும் விலை ஏறிக்கொண்டே போனது. அவரவர் கட்சி இதையெல்லாம் சரிசெய்யும் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள்.

"ரெண்டு வருஷமா டொனேஷன் கேட்டு டெய்லி மெசேஜ் மட்டும் கரெக்டா வருது" என்றார் தம்பி.

"எங்க ஆளுங்க மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க? டிவியில வந்து கத்துறாங்க. கத்தினா உளுந்து விலை குறையுமுங்களா?" என்றார் அம்மணி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஆளுக்கொரு கட்சிக்குப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், கணக்கில் பூஜ்யம். எப்படியும் பலனில்லை. தீபாவளி ஆர்டர் வேறு குவிந்து கிடக்கிறது. ஆகையால் இந்த முறை இரண்டு பேருமே போடுவதில்லை. ஓட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதிருந்து எனக்கு ராஜ உபசாரம். காலையில் அம்மணியின் ஃபில்டர் காபி, கூடவே ஒரு கட்சியின் பெருமை. சாயங்காலம் மளிகைக் கடைக்கு டிரைவ் பண்ணும்போது தம்பியின் பங்கு.

"அண்ணா, நீங்க குழப்பிக்காதீங்க. நான் சொல்ற கட்சிக்கு ஒரு அமுக்கு. ஃபினிஷ்."

"சின்னம் எனக்குத் தெரியும் தம்பி. யானை, கழுதை. லாரியில இருந்த காலத்துல ரெண்டையும் ஓவர்டேக் பண்ணியிருக்கேன்."

சின்னம்தான் என் தைரியம். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஹைவே பலகையைப் படித்து முடிப்பதற்குள் பாதி எக்ஸிட்டைத் தாண்டியிருப்பேன். ஆனால் ஓட்டுச் சீட்டில் சின்னம் இருக்கும்; சின்னத்துக்கு எழுத்து வேண்டாம். அப்படித்தானே ஊரில் பார்த்து வளர்ந்தோம்? டிவியிலும் யார் யாரோ வீட்டு முன் நட்டிருந்த அட்டையிலும் அந்த இரண்டு மிருகங்களையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். எது வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேண்டியது சின்ன விஷயம். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தால், பில்லைப் பார்த்து அந்த முட்டி மறுபடியும் நடுங்கக் கூடாது. அதைச் செய்வோம் என்று சொன்னவர்களுக்கு என் ஓட்டு. செய்வார்களா என்று தெரியாது. தம்பியும் அம்மணியும் ஏமாந்து சலித்தவர்கள். எனக்கு ஏமாறுவதற்குக்கூட இதுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இடையில் லிவர்மோரிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் கூப்பிட்டார். கேன்டீன் ஒன்றில் தலைமைச் சமையல், இருக்க இடம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. உடனே வர வேண்டும் என்றார்.

"ஓட்டுப் போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"யோவ், ஓட்டுக்காக ஒருத்தன் வேலைய விடுவானா? எவன் வந்தாலும் நமக்குச் சட்டுவம்தான்யா."

"சட்டுவத்தோட போய்ப் போட்டுட்டு வர்றேன்."

வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. எத்தனையோ ஊரை அரை நாள் யோசனையில் விட்டவன் நான். ஓர் ஊரில் ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. அம்மணி ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் முதல்ல போடறீங்க. செவ்வாக்கிழமை புதுசா எதுவும் ஆரம்பிக்க வேண்டாமுங்கண்ணா." டெக்சஸில் முன்கூட்டியே போடலாம். அதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சமையலறையில் தொங்கிய ஈரோட்டு நாள்காட்டியைப் பார்த்து, "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார்.

"அது ஈரோட்டு ராகு காலம்மா. இங்க பத்தரைன்னா அங்க ராத்திரி ஒம்போது. ராகு சாப்ட்டுப் படுத்திருப்பார்" என்றார் தம்பி.

"உங்களுக்கு எல்லாம் கிண்டல். அண்ணன கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, நீங்க கார்லயே உக்காருங்க. ஒப்பந்தம் ஞாபகம் இருக்குதில்ல?"

வெள்ளிக்கிழமை தம்பிக்கு வீட்டிலிருந்தே வேலை. என்னை ஒரு நூலகத்து வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே ஃபோன் கூடாது என்பதால் அதைக் காரிலேயே வைத்தேன். வரிசை சிறியது. லைசென்ஸைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஒரு நீளமான வெள்ளை அட்டையைக் கொடுத்து, அதை ஒரு மிஷினில் செருகச் சொல்லி அதன் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

திரையில் யானை இல்லை. கழுதையும் இல்லை.

எழுத்துதான். மேலிருந்து கீழ்வரை எழுத்து. அடுத்த பக்கம் தள்ளினேன், அதிலும் எழுத்து. மிருகங்கள் கடைசியில் வரலாம் என்று இன்னும் தள்ளிப் பார்த்தேன். நீதிபதிகள் வந்தார்கள், மேலும் நீதிபதிகள் வந்தார்கள். வெள்ளை முடியுடன் ஓர் அம்மாள் மேற்பார்வைக்கு நின்றிருந்தார். கையைத் தூக்கினேன்.

"எலிஃபண்ட், வேர்? டாங்கி, வேர்?"

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மிருகங்களைச் சீட்டில் போடுவதில்லை, பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் முதல் எழுத்துகள் இருக்கும் என்று நிதானமாகச் சொன்னார். படிக்கக் கஷ்டமாக இருந்தால் உதவிக்கு ஓர் ஆளை அழைத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

இருந்தார். வெளியே, ஏசி போட்ட காரில், தன் ஓட்டைப் போடாமல் கை அரித்துக்கொண்டு ஒருவர் இருந்தார். கூப்பிட்டால் ஓடி வருவார், தட்டித் தட்டி நொடியில் முடித்துவிடுவார். அது அவருடைய ஓட்டாக இருக்கும். என் பெயரில் ஏற்கெனவே ஒருவன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்னொருவரும் வேண்டாம்.

"நோ. ஐ ரீட்" என்றேன்.

"டேக் யுவர் டைம்" என்றார். எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்துக்குப் போய், விரலைத் திரையில் படாமல் காற்றில் ஓட்டி, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். இரண்டு கட்சிகளின் பெயரும் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தது, ஆகையால் முதல் எழுத்துகள் பிடிபட்டன. அதோடு விடவில்லை, பெயர்களையும் படித்தேன். சில பெயர்கள் அம்மணியின் காபியில் வந்தவை, சில தம்பியின் காரில் வந்தவை. தெரிந்த பெயர் வந்தபோதெல்லாம் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வைத்து நானே தீர்த்துக்கொண்டேன். ரயில் பெயரில் ஒரு பதவி வந்தது. நான் வாழ்நாளில் பாதி ரயில் தரையில் பயணம் செய்தவன் என்பதால் அதில் விசேஷ அக்கறை எடுத்துப் போட்டேன். அவர் ரயிலைத் தொடுவதே இல்லை, எண்ணெயையும் கேஸையும்தான் கவனிக்கிறார் என்று பிற்பாடு தம்பி சொன்னார். போகட்டும், சமையல்காரனுக்கு அதுவும் வேண்டியதுதான்.

பக்கத்துத் திரைகளில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். முட்டி வலித்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நான் அத்தனை நேரம் எடுத்துப் படித்தும் ஒருவரும் முகம் சுளிக்காத இடம் என் வாழ்க்கையில் அதுதான்.

பாதியில் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. என்னைக் காணாமல் தம்பி தேடி வந்துவிட்டார். ஓட்டுப் போட வந்தவரா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, அவருக்காகக் காத்திருக்கிறேன் என்று என்னைக் காட்டியிருக்கிறார். ஓட்டுப் போடாதவர்கள் இங்கே நிற்கக் கூடாது, வெளியே போங்கள் என்றார்கள். தம்பி என் முதுகைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வெளியே போனார். நான் திரும்பவில்லை. நீதிபதிகள் இன்னும் பாக்கி இருந்தார்கள்.

கடைசிப் பக்கம் முடிந்தது. திரை எல்லாவற்றையும் ஒருமுறை காட்டிச் சரியா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். அச்சடித்து வந்த அட்டையை நானே கொண்டுபோய் இன்னொரு மிஷினில் செருகினேன். மிஷின் அதைச் சர்ரென்று இழுத்துக்கொண்டது. முதல் தடவை தோசைக் கல்லில் மாவு ஊற்றி, அது ஒட்டாமல் எழும்பி வந்த நாளில் இருந்த சந்தோஷம் எனக்கு அப்போது இருந்தது. அந்த அம்மாள் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார். மற்றவர்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். நான் வலது கை ஆள்காட்டி விரலில் சுற்றி ஒட்டினேன். பிறகு ஞாபகம் வந்து, மை வைப்பது இடது விரலில் அல்லவா என்று பிய்த்து அதில் ஒட்டினேன்.

அந்த அறையை விட்டு வெளியே வந்தால் நூலகக் கூடத்து வரிசையில் தம்பி. அவருக்குப் பின்னால், ஏப்ரனோடு, முழங்கை வரை முறுக்கு மாவோடு, அம்மணி.

"என்ன அம்மணி, அடுப்பு?"

"அணைச்சுட்டுத்தான் வந்தேன். இவரு ஃபோன் பண்றாரு, 'நின்னு பாக்கணும்னா ஓட்டுப் போடணுமாம், போட்டுடட்டுமா'ங்கறாரு. என்ன தந்திரம் பாருங்கண்ணா!"

"ஏம்மா, அவர் இங்கிலீஷ எழுத்துக் கூட்டிப் படிச்சு நிக்கிறார். நான் கார்ல உக்காந்து ரீல்ஸ் பாத்துட்டிருக்கேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"போடுங்க, போடுங்க. நானும் போடறேன். தனியாப் போட்டுட்டு வந்தீங்கன்னா தீபாவளிக்குப் பலகாரம் கெடையாது."

"உங்க ஆளுங்கதான் ஒண்ணும் கிழிக்கலன்னியே?"

"கிழிக்கலதான். அதுக்காக உங்க ஆளுங்களச் சும்மா ஜெயிக்க விட முடியுமுங்களா?"

வாசலில் இருந்தவர் வந்து, வரிசையில் கட்சிப் பேச்சு கூடாது என்றார். தமிழ் தெரியாமலேயே அவருக்கு அது கட்சிப் பேச்சு என்று புரிந்துவிட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டு கண்ணால் தொடர்ந்தார்கள்.

நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "அம்மணி, பத்தரை தாண்டிருச்சு."

அவர் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். நகரவில்லை.

"பரவால்லீங்கண்ணா. ஈரோட்டுல இப்ப ராத்திரி."

தம்பி சத்தமாகச் சிரித்து இன்னொரு தடவை திட்டு வாங்கினார்.

திரும்பும்போது அம்மணியின் வேனில் நான் ஏறினேன். தம்பி பின்னாலேயே வந்தார். சமையலறையில் அடுப்பை மூட்டி முறுக்குக் குழலைக் கையில் எடுத்தேன். ஸ்டிக்கரில் எண்ணெய் தெறிக்கும், கழற்றிவிட்டுப் பிழியுங்கள் என்றார் அம்மணி. கழற்றவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தம்பியின் ஓட்டும் அம்மணியின் ஓட்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. அந்த வீட்டிலிருந்து போனதில் நிற்பது என்னுடையதுதான்.