மிதித்த இடம்

அந்த அம்மா கால் வைக்கும் முன் தரையைப் பார்ப்பார். தஞ்சாவூரில் நான் அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தரையில்கூட, இடம் பார்த்துத்தான் பாதத்தை இறக்குவார். நோயின் தள்ளாட்டம் என்று நினைத்து எழுதிக்கொண்டேன்.

"இல்லீங்கய்யா, பயிர மிதிக்காம களையெடுக்கிற காலு. பழகிப்போச்சு" என்றார்.

அவருடைய மூளைத்தண்டில் ரத்தக்குழாய்கள் களாக்காய் அளவுக்கு முடிச்சிட்டு, இரண்டு முறை கசிந்திருந்தன.

"எடுத்துடலாம்மா. ஆனா உள்ள போற வழியில வரப்பே கிடையாது. எங்க கால் வெச்சாலும் பயிர்தான். முகம் கோணலாம், முழுங்க முடியாமப் போகலாம்" என்றேன். அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். "அப்ப எதையாச்சும் மிதிச்சுத்தான் ஆவணும். முகம் கோணினா கோணிட்டுப் போவுது. சோறு முழுங்குறத மட்டும் மிதிச்சுடாதீங்க."

முடிச்சை முழுதாக எடுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் விழுங்கினார். வலது கன்னம் மட்டும் அசையவேயில்லை.

வீட்டுக்குப் போகும் அன்று பாதிச் சிரிப்போடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்ன எடத்துலதான் மிதிச்சிருக்கீங்க, ஐயா."

கன்னத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளே திடீரென்று ரத்தம் ஊறி எல்லாவற்றையும் மறைத்தது. சில நொடிகள் எது எதுவென்று தெரியாமல், கை போன போக்கில் போனேன். விழுங்கும் நரம்பு பக்கத்திலேயேதான் இருந்தது.

"பாத்துப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டு, வாசல் வரை இடம் பார்த்துப் பார்த்து நடந்துபோனார்.