பாலத்துக்கு எந்தப் பக்கம்?

ஐம்பதுகளில் ஊர் ஊராக விஷக்காய்ச்சல் பரவியபோது எங்கள் ஊருக்கு வந்த சுகாதார இன்ஸ்பெக்டரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய தொப்பி. பேசிக்கொண்டே சைக்கிள் சக்கரத்தில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குக் காய்ச்சல் என்று மாத்திரை கேட்டேன்.

"சாவு விழுந்த ஊருக்குத்தான் மாத்திரை. உங்க ஊர்ல ஒருத்தரும் சாகலையே, அண்ணாச்சி."

"எங்க அண்ணன் முந்தாநாள்தான் போய்ச் சேந்தாவ."

"எங்கன வச்சு?"

"கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில, வண்டியில."

"ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம்னா அது கோவில்பட்டிச் சாவு. இப்படித்தான் உங்க ஊரு சுகமான ஊருன்னு பேரு வாங்கியிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

பாலம் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அண்ணன் என் மடியில் கண்ணை மூடினார். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத நான், "இந்தப் பக்கந்தான்" என்றேன்.

எழுதிக்கொண்டார். மறுநாளே மாத்திரை வந்தது. மனைவி பிழைத்தாள். எங்கள் ஊர்தான் சுகமான ஊர் என்ற பேரை இழந்தது.

அவர் சட்டத்துக்காகக் கேட்டாரா, இரங்கிக் கேட்டாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று திரும்பும்போது பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, சக்கரத்தில் ஒட்டியிருந்த எங்கள் ஊர் மண்ணைச் சுத்தமாகச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனார்.